சால்ஃபோர்டு கலைந்தது: புள்ளி வெட்டினால் யாருக்கு வலி?

கணக்குப்புலி (மான்செஸ்டர்)

நம்ம மன்றத்தில் ரக்பி லீக் (13 பேர் ஆடும் ரக்பி வகை) பேசுகிற ஆட்கள் ஒரு கைவிரலுக்குள் அடங்குவோம். இருந்தாலும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

சால்ஃபோர்டு ரெட் டெவில்ஸ் கிளப்பை நடத்திய கம்பெனியை 2025 டிசம்பர் 3-ஆம் தேதி உயர் நீதிமன்றம் கலைத்துவிட்டது. வரித்துறைக்குக் கட்டாத பாக்கி சுமார் 7 லட்சம் பவுண்டு. அதற்கு முன் வாய்தா மேல் வாய்தா வாங்கிப் பார்த்தார்கள். 2019-இல் கிராண்ட் ஃபைனல் (பட்டத்துக்கான இறுதி ஆட்டம்) ஆடிய அணி இது. 2020-இல் சேலஞ்ச் கப் இறுதியில் லீட்ஸிடம் 17-16 என்று ஒரே புள்ளியில் தோற்றது. 2024-இல் முதல் டிவிஷனான சூப்பர் லீக் பட்டியலில் நாலாவது இடம்.

அந்த நாலாவது இடம் வாங்கிய கொஞ்ச நாளிலேயே, நவம்பரில், லீக் தரும் அடுத்த வருடப் பங்கில் 5 லட்சம் பவுண்டை முன்பணமாகக் கேட்டு ஆர்எஃப்எல் (இங்கிலாந்தில் ரக்பி லீக்கை நடத்தும் அமைப்பு) வாசலில் நின்றார்கள். பிப்ரவரியில் புது முதலாளிகள் வந்தார்கள். பணம் வந்ததற்கு உறுதி காட்டும்வரை சம்பளக் கணக்கு 12 லட்சம் பவுண்டைத் தாண்டக் கூடாது என்று ஆர்எஃப்எல் கட்டுப்பாடு போட்டது. அந்த வரம்புக்குள் அணி இறக்குவதற்காக முன்னணி வீரர்களை உட்காரவைத்துப் பையன்களை அனுப்பினார்கள். முதல் ஆட்டம், செயின்ட் ஹெலன்ஸிடம் 82-0.

அப்புறம் மாதாமாதம் சம்பளம் தாமதம். கேப்டன் காலம் வாட்கின்ஸ் லீட்ஸ் போனார், மார்க் ஸ்னைட் வாரிங்டன் போனார். ஆகஸ்டில் வேக்ஃபீல்டுக்கு எதிராக இறக்க ஆளே இல்லை. ஆட்டம் ரத்து, 48-0 என்று வேக்ஃபீல்டுக்கு வெற்றி எழுதிக் கொடுத்தார்கள்.

என் கேள்வி ஒன்றுதான். ஒரு கிளப் பணத்தில் விழும்போது புள்ளியை வெட்டுகிறோம், கீழே தள்ளுகிறோம், கடைசியில் கலைக்கிறோம். இதில் அடி வாங்குகிறவர்கள் தப்பு செய்தவர்கள்தானா?

சுடுசொல்

ஓடாத கடைக்கு ஷட்டர் போடணும். இதில் என்ன ஆராய்ச்சி?

வருமானத்துக்குள் குடும்பம் நடத்துகிற கிளப்புகளும் இதே லீக்கில்தான் இருக்கின்றன. அவர்கள் நல்ல வீரனை விட்டுக்கொடுத்து, பத்தாவது இடத்தில் முடிந்து, ரசிகர்களிடம் திட்டு வாங்குகிறார்கள். பக்கத்து ஊர்க்காரன் இல்லாத காசுக்கு அதே வீரனை எடுத்து நாலாவது வருகிறான். அப்போது யாரும் "நியாயமா" என்று இழை திறக்கவில்லை. காசு தீர்ந்த பிறகு மட்டும் எல்லோருக்கும் கண்ணீர்.

புதுவாசகி

நான் ஃபுட்பால் மட்டும் பார்ப்பேன், இது புதுசு. சம்பளத்துக்கு வரம்பு இருக்குன்னா எப்படிங்க கடன் வருது? வரம்புக்குள்ளதானே செலவு பண்றாங்க?

கணக்குப்புலி

நல்ல கேள்வி. இங்கிலாந்தில் ஒரு சூப்பர் லீக் அணியின் சம்பள வரம்பு சுமார் 21 லட்சம் பவுண்டு. பெரிய நட்சத்திரங்கள் சிலரை வாங்கினால் அவர்கள் சம்பளத்தில் ஒரு பகுதிதான் கணக்கில் ஏறும். இந்த வரம்பு 90-களின் கடைசியில் வந்தது. அதற்கு முன் விகன் 1988 முதல் 1995 வரை தொடர்ந்து எட்டு சேலஞ்ச் கப் தூக்கியது. மற்றவர்கள் அவர்களைப் பிடிக்கப் போய்க் கடனாளி ஆனார்கள். அந்த விகனே கடைசியில் சென்ட்ரல் பார்க் மைதானத்தை விற்றது. இப்போது அங்கே டெஸ்கோ இருக்கிறது.

வரம்பு சொல்வது "இதற்கு மேல் போகாதே" என்று மட்டும்தான். உன் கல்லாவில் அவ்வளவு இருக்கிறதா என்று அது கேட்பதில்லை. லீட்ஸுக்கு ஹெடிங்லி மைதானம் இருக்கிறது, கூட்டம் இருக்கிறது. சால்ஃபோர்டு 2012-இல் பழைய மைதானமான வில்லோஸை விட்டு பார்ட்டனில் இருக்கிற புது ஸ்டேடியத்துக்குப் போனது. சொந்த மைதானம் இல்லை, பீர் விற்ற காசு முழுசாகக் கைக்கு வராது. இரண்டு பேருக்கும் ஒரே கூரை, தரை மட்டும் வேறு.

போதாக்குறைக்கு டிவி பணமும் சுருங்கிவிட்டது. 2021 வரை ஸ்கை ஆண்டுக்குச் சுமார் 4 கோடி பவுண்டு கொடுத்தது. 2022-இல் அது சுமார் 2.5 கோடி. அதற்கப்புறமும் குறைந்தது. இந்தப் பணத்தை நம்பித்தான் ஒவ்வொரு கிளப்புக்கும் மத்தியப் பங்கு. பங்கு குறைந்தது, வீரர்களோடு போட்ட ஒப்பந்தம் குறையவில்லை. நடுவில் விழுகிற பள்ளத்தை ஒரு தனவான் தன் பாக்கெட்டிலிருந்து நிரப்புவார். அவர் அலுத்துப்போகிற நாள்தான் பிரச்சினை நாள்.

ஆட்சால்காரன் (பிராட்ஃபோர்டு)

இந்த இழைக்கு நான் வராம இருந்தா தப்பு. பதினஞ்சு வருஷமா இந்த ஊர்ல இருக்கேன், பிராட்ஃபோர்டு புல்ஸ் ரசிகன். மதுரைக்காரன் எப்படி ரக்பி லீக் பக்கம் போனான்னு கேக்காதீங்க, வீட்டுக்குப் பக்கத்துல ஆட்சால் மைதானம், அவ்ளோதான்.

ஆட்சால் பத்தித் தெரியாதவங்களுக்கு: 1954-ல சேலஞ்ச் கப் இறுதி மறு ஆட்டத்துக்கு அங்க வந்த கூட்டம் 1,02,569. சூப்பர் லீக்ல 1997, 2001, 2003, 2005னு நாலு பட்டம் எங்களுக்கு. உலக கிளப் கோப்பை மூணு தடவை. அப்படிப்பட்ட கிளப் 2012 மார்ச்ல ஊர்க்காரங்க கிட்ட உண்டியல் குலுக்குச்சு. குலுக்கினோம், போட்டோம். ஸ்கூல் பசங்க கூடப் போட்டாங்க. அதுக்கு முன்னாடியே ஆட்சால் குத்தகையை ஆர்எஃப்எல்லே 12.5 லட்சம் பவுண்டுக்கு வாங்கிக்கிச்சு, அந்தக் காசும் கரைஞ்சுது. ஜூன்ல அட்மினிஸ்ட்ரேஷன், அதாவது கடன் கட்ட முடியாத கம்பெனியை நிர்வாகி ஒருத்தர் கையில ஒப்படைக்கிறது.

அப்ப நடந்தது மறக்காது. அலுவலக ஆட்களை வேலைய விட்டு அனுப்பிட்டாங்க. பயிற்சியாளர் மிக் பாட்டருக்கும் வேலை போச்சு. அந்த மனுஷன் சம்பளமே இல்லாம வந்து பயிற்சி குடுத்தார். அதே சீசன்ல எங்களுக்கு ஆறு புள்ளி வெட்டு. கடன் வாங்கினவன் வீட்டுக்குப் போயிட்டான், சம்பளம் இல்லாம ஆடினவனோட புள்ளிய எடுத்தாங்க. இதுக்கு என்னய்யா பேரு?

2014 ஜனவரில மறுபடி அட்மினிஸ்ட்ரேஷன், மறுபடி ஆறு புள்ளி, அந்த வருஷமே சூப்பர் லீக்லேருந்து இறங்கினோம். 2016 நவம்பர்ல மூணாவது தடவை. 2017 ஜனவரி 3-ஆம் தேதி கம்பெனியே கலைஞ்சுது. புதுக் கம்பெனி ஒண்ணு அதே பேரு, அதே சட்டையோட சாம்பியன்ஷிப்ல (ரெண்டாவது டிவிஷன்) மைனஸ் 12 புள்ளியில ஆரம்பிச்சுது. அதே வருஷம் மூணாவது டிவிஷன். 2020-ல ஆட்சால் செலவு தாங்காம டூஸ்பரி மைதானத்துல போய் ஆடினோம். அதுக்கும் பஸ் ஏறிப் போனோம்.

சுடுசொல்

> கடன் வாங்கினவன் வீட்டுக்குப் போயிட்டான், சம்பளம் இல்லாம ஆடினவனோட புள்ளிய எடுத்தாங்க

உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் எதிர் பக்கமும் பாருங்கள். கலைந்த கம்பெனியின் கடன்காரர்கள் காசை இழந்தார்கள். புதுக் கம்பெனிக்கு அந்தக் கடன் கிடையாது, பேர் உண்டு, ரசிகர் உண்டு, இரண்டாவது டிவிஷனில் இடமும் உண்டு. அந்த இடத்துக்காக மூன்றாவது டிவிஷனில் பத்து வருடமாகப் பைசா பாக்கியில்லாமல் ஆடிக்கொண்டிருந்த கிளப் எதற்கு வரிசையில் நிற்க வேண்டும்? மைனஸ் 12 என்பது கடனைக் கழுவிக்கொள்ள நீங்கள் கொடுத்த விலை. மலிவான விலை.

இன்னொன்று. யெஸ்டின் ஹாரிஸ் என்ற வீரரை வேல்ஸ் ரக்பி யூனியன் பக்கமிருந்து பிராட்ஃபோர்டு கொண்டுவந்தபோது, திரும்பினால் எங்களிடம்தான் வரவேண்டும் என்ற ஒப்பந்தம் இருக்கிறது என்று லீட்ஸ் வழக்கு போட்டது. வருடக்கணக்கில் இழுத்து 2008-இல் பணம் கொடுத்து முடித்தீர்கள். அந்தச் செலவு எல்லாம் வானத்திலிருந்தா வந்தது?

ஆட்சால்காரன்

அந்த ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டது நானா? டிக்கெட் வாங்கினவன் மேல ஏன் பாயறீங்க? கணக்கு வழக்கு பார்க்காத தலைமைங்களை மட்டும் சொல்ல வாய் வராதே உங்களுக்கு.

நெறியாளர்

இருவரும் ஆளைத் தொடாமல் பேசவும்.

மேற்குசிட்னியான்

வணக்கம் எல்லாருக்கும். நான் வென்ட்வர்த்வில் பக்கம் இருக்கிறன், பரமட்டா ஈல்ஸ் ஆள். எங்கட கதையையும் கேளுங்கோ, பிறகு இங்கிலாந்தைப் பற்றி அழலாம்.

2009, அவுஸ்திரேலிய லீக்கான என்ஆர்எல்லின்ரை கிராண்ட் ஃபைனல். ஈல்ஸ் 1986-க்குப் பிறகு ஒரு பட்டமும் எடுக்கேல்லை. அந்த வருசம் கடைசிக் கட்டத்திலை ஜாரிட் ஹெய்ன் பேயாட்டம் ஆடி எங்களை இறுதிக்குக் கொண்டுபோனவர். மெல்பர்ன் ஸ்டார்மிட்டை 23-16 எண்டு தோத்தம். சரி, அவை எங்களிலும் திறம் எண்டு மனதைத் தேத்திக்கொண்டு இருந்தம்.

அடுத்த ஏப்ரலிலை வெளிவந்தது: ஸ்டார்ம் இரண்டு கணக்குப் புத்தகம் வைச்சிருந்தவை. ஐஞ்சு வருசத்திலை சம்பள வரம்பை ஏறத்தாழ 31 லட்சம் டொலரால மீறியிருக்கினம். கமரன் ஸ்மித், பில்லி ஸ்லேட்டர், கூப்பர் க்ரொங்க், கிரெக் இங்லிஸ், இவ்வளவு பேரையும் ஒரே அணியிலை எப்பிடி வைச்சிருந்தவை எண்டு அப்பதான் விளங்கினது. 2007, 2009 பட்டங்களைப் பறிச்சினம். தண்டமும் போட்டு, 2010 முழுக்க ஒரு புள்ளியும் இல்லாமல் ஆடச் சொல்லிச்சினம். வெண்டாலும் பூச்சியம்.

இதிலை பகிடி என்னெண்டால், ஸ்டார்மின்ரை முதலாளி நியூஸ் லிமிட்டெட். அந்த நேரம் என்ஆர்எல்லிலும் பாதி அவையின்ரைதான்.

புதுவாசகி

அப்போ 2009 பட்டம் உங்க டீமுக்குக் கொடுத்தாங்களா?

மேற்குசிட்னியான்

இல்லை பிள்ளை. ஒருத்தருக்கும் குடுக்கேல்லை. 2007-இலை தோத்த மான்லிக்கும் இல்லை. அந்த வருசங்கள் வெறுமையாக் கிடக்குது. கோப்பையைத் தந்திருந்தாலும் அந்த இரவு திரும்பி வராது எண்டது வேறை கதை.

இப்ப மிச்சத்தைக் கேளுங்கோ. 2016-இலை பிடிபட்டது நாங்கள்! மூண்டாந்தரப்பு ஒப்பந்தம் (வெளி நிறுவனம் வீரருக்கு நேரே காசு குடுக்கிறது) எண்ட பெயரிலை எங்கட நிர்வாகம் வீரர்களுக்குக் காசு பக்கத்தாலை குடுத்திருக்கு. 12 புள்ளி வெட்டு, 10 லட்சம் டொலர் தண்டம், ஐஞ்சு நிர்வாகிகளின்ரை பதிவு ரத்து. அந்தப் புள்ளி இருந்திருந்தால் அந்த வருசம் முதல் எட்டுக்குள்ளை வந்திருப்பம்.

2002-இலை இங்கத்தைய இன்னொரு கிளப்பான புல்டோக்ஸ் பட்டியலிலை முதலாவதா நிண்ட நேரம் 37 புள்ளியைக் கழிச்சு அடியிலை போட்டவை. ஆனா இங்கை ஒண்டு கவனியுங்கோ. எங்கட மூண்டு கதையும் வரம்பை மீறின கதை. காசு இல்லாமல் செத்த கதை இல்லை. இங்கை லீக் ஒவ்வொரு கிளப்புக்கும் சம்பள வரம்பை விடக் கூடவே குடுக்குது. அதுக்குப் பின்னாலை லீக்ஸ் கிளப் எண்ட கேளிக்கை விடுதி, அதுக்குள்ளை போக்கர் மெஷின் எண்ட சூதாட்ட மெஷின். ஓய்வூதியக்காரச் சனம் பின்னேரம் இருந்து அழுத்துற காசிலைதான் எங்கட விங்கர் ஓடுறார். இதை ஒருத்தரும் நியாயம் அநியாயம் எண்டு பேசுறதில்லை.

கோல்ட் கோஸ்ட் டைட்டன்ஸ் 2015-இலை விழுந்த நேரம் என்ஆர்எல்லே பொறுப்பெடுத்து நடத்தினது. நியூகாசிலிலை நிலக்கரிப் பணக்காரர் டிங்க்லர் கைவிட்ட நேரமும் அதுதான் நடந்தது. கையிலை காசு இருந்தால் லீக்குக்கு ஈரமும் வரும்.

கணக்குப்புலி

அண்ணன் சொன்னதில் முக்கியமான பிரிவினை இருக்கிறது. ஏமாற்றியவனுக்கும் இல்லாதவனுக்கும் ஒரே தண்டனை கொடுக்கிறோம்: புள்ளி. ஏமாற்றியவனிடமிருந்து புள்ளியை எடுப்பதில் அர்த்தம் உண்டு, அந்தப் புள்ளி மிகைச் சம்பளத்தில் வாங்கியது. சம்பளமே கொடுக்காத கிளப்பில் அந்தப் புள்ளியைச் சம்பாதித்தது யார்? வாடகை கட்ட வழியில்லாமல் ஓடிய வீரன்.

அதிலும் புள்ளி வெட்டு எங்கே போய் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. 2016-இல் சால்ஃபோர்டு வரம்பு மீறியதற்காக ஆறு புள்ளி இழந்தது. சீசன் கடைசியில் மேலே இருப்பதா கீழே போவதா என்று தீர்மானிக்க ஒரே ஆட்டம், "மில்லியன் பவுண்டு கேம்" என்பார்கள். ஹல் கிங்ஸ்டன் ரோவர்ஸ் மைதானத்தில். கடைசி இரண்டு நிமிடத்தில் சால்ஃபோர்டு இரண்டு ட்ரை (எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பது) போட்டு சமன் செய்தது. கூடுதல் நேரத்தில் கேரத் ஓ'பிரையன் நாற்பது மீட்டருக்கு மேலிருந்து ட்ராப் கோல், ஒரு புள்ளி உதை. 19-18. வரம்பை மீறிய கிளப் மேலே நின்றது, ரோவர்ஸ் இறங்கியது. அதிலிருந்து எழுந்து வந்து அதே ரோவர்ஸ் 2025-இல் மூன்று கோப்பையும் எடுத்தது என்பது அவர்கள் சாமர்த்தியம். அதை வைத்து அன்றைய முடிவை நியாயம் என்று சொல்ல முடியாது.

புதுவாசகி

கலைஞ்ச கம்பெனில சம்பள பாக்கி இருந்தா அது என்ன ஆகும்? வரிசைல யாரு முதல்ல?

கணக்குப்புலி

என் தொழிலைக் கிளறிவிட்டீர்கள்.

இங்கிலாந்துச் சட்டப்படி முதலில் அடமானம் வாங்கிக்கொண்டு கடன் கொடுத்தவர். அடுத்து ஊழியர்களின் சம்பள பாக்கி, ஆனால் ஆளுக்கு 800 பவுண்டு வரைதான் அந்த முன்னுரிமை. அதற்கு மேல் உள்ளதை அரசாங்க நிதியிலிருந்து கேட்கலாம், அதற்கும் வாராந்திர உச்சவரம்பு, எட்டு வாரம்வரை. 2020 டிசம்பரிலிருந்து வரித்துறை பெரிய கியூவைத் தாண்டி முன்னால் வந்துவிட்டது. ஊழியர் சம்பளத்தில் பிடித்த வரியும் வாட் வரியும் அவர்களுக்குப் போன பிறகுதான் மற்றவர்களுக்கு. பஸ் விட்டவர், ஜெர்சி தைத்தவர், பந்தியில் சாப்பாடு போட்டவர் எல்லாம் கடைசி. பெரும்பாலும் அவர்கள் கைக்கு எதுவும் வராது.

வீரர்களின் சம்பளத்தில் பிடித்த வரியைக் கட்டாமல் கையில் வைத்துக்கொள்வதுதான் இந்த கிளப்புகள் எடுக்கும் முதல் கடன். யாரிடமும் கையெழுத்து வாங்க வேண்டாம், வட்டி பேச வேண்டாம். அதனால்தான் ஒவ்வொரு கதையின் கடைசிப் பக்கத்திலும் வரித்துறை நிற்கிறது.

என் யோசனை இது. மத்தியப் பங்கை கிளப் கையில் கொடுக்கும் முன்பே அந்த மாதச் சம்பளமும் அதில் பிடித்த வரியும் லீக்கிலிருந்தே நேரடியாகப் போகட்டும். மிச்சம் கிளப்புக்கு. ஒரு மாதம் தவறினால் உடனே தெரிந்துவிடும். பன்னிரண்டு மாதம் மூடி மறைக்க முடியாது.

சுடுசொல்

முதல் முறையாக உங்களோடு பாதி ஒத்துப்போகிறேன். மீதிப் பாதி: முன்பணம் என்ற வழக்கத்தையே ஒழிக்க வேண்டும். அது அடுத்த வருடச் சம்பளத்தை இந்த வருடம் தின்பது. சால்ஃபோர்டு விஷயத்தில் அதுதான் நடந்தது.

ஆனால் இதை யார் நிறைவேற்றுவார்? விதியை எழுதுகிறவர்களே கிளப் முதலாளிகள். டொரன்டோ உல்ஃப்பேக் நினைவிருக்கிறதா? 2020-இல் சூப்பர் லீக்குக்கு வந்தது, சோனி பில் வில்லியம்ஸை வாங்கியது, மத்தியப் பங்கு ஒரு பைசா தரப்படவில்லை. கொரோனா வந்தது, ஜூலையில் ஆட முடியாது என்று விலகியது, வீரர்கள் சம்பளமில்லாமல் நின்றார்கள். நவம்பரில் திரும்பி வர விண்ணப்பித்தபோது வேண்டாம் என்று பெரும்பான்மை வாக்கு. வாக்குப் போட்டதில் மற்ற கிளப்புகளும் உண்டு. டொரன்டோவின் கணக்கு மோசம்தான், மறுக்கவில்லை. ஆனால் பங்காளியைச் சேர்க்கலாமா என்று பங்காளிகளிடமே கேட்டால் பதில் என்ன வரும்?

மேற்குசிட்னியான்

அது இங்கையும் நடந்தது தம்பி. 1999-இலை கிளப்புகளைக் குறைக்க வேணும் எண்டு சவுத் சிட்னியை வெளியிலை தள்ளினவை. 1908-இலை இருந்து ஆடின கிளப். சனம் ஆயிரக்கணக்கிலை தெருவிலை இறங்கிச்சுது. 2001-இலை ஃபெடரல் கோர்ட்டிலை வெண்டு 2002-இலை திரும்பி வந்தவை. பிறகு 2003-இலை உச்ச நீதிமன்றம் லீக்கின்ரை பக்கம் தீர்ப்பு சொல்லிச்சுது, ஆனா அதுக்குள்ளை அவை உள்ளுக்கு வந்திட்டினம். நோர்த் சிட்னி பெயார்ஸுக்கு அந்த அதிட்டம் இல்லை. மான்லியோடை கட்டிவைச்சு அதுவும் முறிஞ்சுது. இப்பதான் 2027-இலை பெர்த் பெயார்ஸ் எண்டு நாட்டின்ரை மற்றக் கரையிலை அந்தப் பெயர் திரும்பி வருகுது.

கணக்குப்புலி

வாக்கு வேண்டாம் என்றுதான் ஐஎம்ஜி என்ற விளையாட்டு வணிக நிறுவனம் கொண்டுவந்த மதிப்பெண் முறை. மொத்தம் 20: ரசிகர் பலம் 5, ஆட்டம் 5, நிதி 4.5, மைதானம் 3, சுற்றுவட்டார மக்கள்தொகையும் சமூகப் பணியும் 2.5. பட்டியலில் மேலே இருக்கிறவர்கள் சூப்பர் லீக்.

கேட்க நன்றாக இருக்கிறது. 2023-இல் லண்டன் பிராங்கோஸ் துலூஸை 18-14 என்று வென்று மேலே வந்தது. அதைத் தொடர்ந்து மாதிரி மதிப்பெண் வந்தது. 2024-இல் என்ன ஆடினாலும் வருடக் கடைசியில் இறங்குவார்கள் என்று தெரிந்துவிட்டது. தெரிந்தே ஒரு சீசன் முழுக்க ஆடினார்கள். 2024 அக்டோபரில் அதே அளவுகோல் லண்டனை வெளியே அனுப்பி சால்ஃபோர்டை உள்ளே வைத்தது. அடுத்த மாதம் சால்ஃபோர்டு முன்பணம் கேட்டது! நிதிக்கு 4.5 மதிப்பெண் ஒதுக்கிய அளவுகோலுக்கு அது கண்ணில் படவில்லை. தணிக்கை முடிந்த கணக்கு எப்போதும் பழைய கணக்குதான். வங்கியில் இன்றைக்கு என்ன இருக்கிறது என்று அது சொல்லாது.

சுடுசொல்

அப்படியென்றால் லண்டன்தான் ஏமாற்றப்பட்டது. அதைப் பற்றித் தனி இழையே திறக்கலாம்.

ஆட்சால்காரன்

ஒரு வாரமா எழுதலாமா வேண்டாமான்னு இருந்தேன். 2025 அக்டோபர் மதிப்பெண்ல புல்ஸ் உள்ள வந்துட்டோம், சால்ஃபோர்டு வெளிய போச்சு. பதினோரு வருஷம் கழிச்சு சூப்பர் லீக். எங்க தெருவுல பட்டாசு வெடிச்சாங்க. நானும் போனேன்.

சுடுசொல் கேட்டதுக்கு பதில் சொல்லிடறேன். ஆமா, 2017-ல எங்களுக்குக் கொடுத்த இடம் வேற யாருக்காவது போயிருக்க வேண்டியது. அது எனக்குத் தெரியும். ஆனா அதே வாய்ப்பு இப்ப சால்ஃபோர்டுக்கும் கிடைக்கணும்னுதான் சொல்வேன். புதுக் கம்பெனிக்கு சாம்பியன்ஷிப்ல இடம் குடுத்திருக்காங்க, நல்லது. புது முதலாளி பழைய கம்பெனில பஸ் விட்டவனுக்கும் சாப்பாடு போட்டவனுக்கும் தவணைல கொஞ்சமாவது கட்டணும், அதை லைசென்ஸ் நிபந்தனையா எழுதட்டும். புள்ளிய வெட்டாதீங்க. அந்தக் காசை வாங்கிக் குடுங்க.

சுடுசொல்

அந்த நிபந்தனை 2017-இல் பிராட்ஃபோர்டுக்குப் போட்டிருந்தால் கிளப் எழுந்திருக்குமா?

ஆட்சால்காரன்

மெதுவா எழுந்திருக்கும். மூணாவது டிவிஷன்ல கூட ரெண்டு வருஷம் இருந்திருப்போம். இருந்துட்டுப் போறோம்.

கணக்குப்புலி

இதை யாராவது ஆங்கிலத்தில் எழுதி ஆர்எஃப்எல்லுக்கு அனுப்புங்கள். நான் சம்பளப் பகுதியை எழுதித் தருகிறேன், கடன்காரர் பகுதியை ஆட்சால்காரர் எழுதட்டும். சுடுசொல் பிழை திருத்தட்டும், அவர் கண்ணில் எதுவும் தப்பாது.

புதுவாசகி

அனுப்பறதுக்கு முன்னாடி இங்க போடுங்க. அப்புறம் ஆட்சால்காரர் சார், நான் லீட்ஸ்லதான் படிக்கறேன். புது சீசன்ல ஆட்சால்ல ஒரு மேட்ச் பார்க்கணும். எந்தப் பக்கம் நின்னா மழை கம்மியா படும்?

ஆட்சால்காரன்

எந்தப் பக்கம் நின்னாலும் நனைவீங்க. குடை வேண்டாம், பின்னாடி இருக்கறவன் திட்டுவான். ரெயின்கோட் எடுத்துட்டு வாங்க.